குழந்தையைக் காப்பவரின் கணக்குப் புத்தகம்

ஒரு பெண் தன் வீட்டில் பிறர் குழந்தைகள் ஐந்தாறு பேரைக் காலை முதல் மாலை வரை பராமரித்து, அதற்கு மாதக் கட்டணம் பெறுகிறார் என்றால், அரசின் பதிவேட்டில் அவர் 'சுயதொழில் செய்பவர்'. அவருக்கு முதலாளி இல்லை. எனவே குறைந்தபட்சக் கூலி இல்லை, வார விடுமுறை இல்லை, பணிக்கொடை இல்லை. வருமானமும் செலவும் வரியும் அவருடைய சொந்தப் பொறுப்பு. இதைத்தான் ஆளும் வர்க்கம் 'தொழில்முனைவு' என்று போற்றுகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் வரவு செலவை வரிவரியாகப் பார்த்தால் வேறோர் உண்மை வெளிப்படும். அவர் நடத்துவது ஒரு சிறு வணிகம் அன்று. அரசும் முதலாளிகளும் ஏற்க வேண்டிய ஒரு சமூகச் செலவைத் தன் உடலாலும் தன் வீட்டாலும் அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்த உண்மையைக் காண்பதற்குக் கார் நிக்கோபார் மிகப் பொருத்தமான இடம். சோழர் கல்வெட்டுகளில் நக்கவாரம் என்று குறிக்கப்பெறும் தீவுக் கூட்டத்தின் வடமுனையில், சுமார் 127 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள இத்தீவே நிக்கோபார் மாவட்டத்தின் தலைநகர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 18 ஆயிரத்திற்கும் சற்றுக் குறைவு. பெரும்பான்மையினர் நிக்கோபாரிப் பழங்குடியினர். அவர்களுடன் அரசு ஊழியர், விமானப்படையினர், கட்டுமானத் தொழிலாளர், வணிகர் என வெளியிலிருந்து வந்தோரும் உள்ளனர். தமிழரும் அவர்களுள் அடங்குவர்.

துஹெத்தும் காசோலையும்

நிக்கோபாரிச் சமூகத்தின் அடிப்படை அலகு 'துஹெத்' எனப்படும் கூட்டுக் குடும்பம். நிலமும் தென்னையும் தனிமனிதருடையவை அல்ல, துஹெத்துக்கு உரியவை. அத்தகைய அமைப்பில் குழந்தை வளர்ப்பு தனியொரு தாயின் சுமையாக இருப்பதில்லை. தாய் தோட்டத்திற்குச் சென்றால் பாட்டி, பெரியம்மா, மூத்த பிள்ளைகள் என வீடு முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும். யாரும் யாருக்கும் கட்டணம் தரவேண்டியதில்லை. கணக்குப் புத்தகமும் தேவையில்லை.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கடலோரக் கிராமங்களைத் துடைத்தெடுத்தது. உயிர்களும் வீடுகளும் தென்னந்தோப்புகளும் அழிந்தன. அழிவை இயற்கை செய்தது என்றால், மறுசீரமைப்பை அரசு இயந்திரம் தன் அச்சில் வார்த்தது. இழப்பீடு காசோலைகளாகத் தனித்தனிப் பெயர்களில் வழங்கப்பட்டது. நிரந்தரக் குடியிருப்புகள் தனிக் குடும்பங்களுக்கான வீடுகளாகக் கட்டப்பட்டன. துஹெத் என்ற கூட்டு அலகை அரசின் படிவங்கள் அறியவில்லை. கணவன், மனைவி, குழந்தைகள் என்ற அலகையே அவை அறிந்திருந்தன. இதன் விளைவாகக் கூட்டுக் குடும்பங்கள் பிளவுற்றதையும், பணப் பொருளாதாரத்தின் பிடி இறுகியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

துஹெத்தைப் பொற்காலமாகப் போற்றுவது இங்கு நோக்கமன்று. அங்கும் பராமரிப்பு வேலையின் பெரும்பகுதி பெண்கள் மீதே விழுந்தது. ஆனால் கூட்டாகச் சுமக்கப்பட்ட ஒரு வேலை தனித்தனி வீடுகளுக்குள் தள்ளப்படும்போது என்ன நிகழும் என்பதே கேள்வி. தாய் கூலி வேலைக்கோ அலுவலகத்திற்கோ செல்ல வேண்டும்; வீட்டில் வேறு யாரும் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குப் பணம் தர வேண்டிய தேவை பிறக்கிறது. நகரங்களில் ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்ட மாற்றம் தீவுகளில் ஒரே தலைமுறையில் திணிக்கப்படுகிறது.

வரிச் சட்டத்தின் கண்ணிலும் இது பெரிய மாற்றமே. தென்னை விளைச்சலிலிருந்து வரும் வருவாய் வேளாண் வருமானம். அதற்கு ஒன்றிய அரசின் வருமான வரி இல்லை. அதே குடும்பத்துப் பெண் பிறர் குழந்தைகளைப் பராமரித்துப் பெறும் தொகையோ தொழில் வருமானம். தோப்பிலிருந்து குழந்தைகள் அறைக்கு வந்தவுடன் அவர் வரிச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறார். வடகிழக்கின் நாகாலாந்து, மிசோரம், அருணாசலப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் வாழும் பட்டியல் பழங்குடியினர் அங்கு ஈட்டும் வருமானத்திற்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(26) பிரிவு விலக்கு அளித்தது. லடாக்கும் அப்பட்டியலில் இடம்பெற்றது. அந்தமான் நிக்கோபார் இடம்பெறவில்லை. ஆறாவது அட்டவணையும் இத்தீவுகளுக்குப் பொருந்தாது. யாருக்கு விலக்கு, யாருக்கு இல்லை என்பது வரைபடத்தின் விதியன்று, அரசியல் முடிவு என்பதை இது காட்டுகிறது.

ஒரு மாதக் கணக்கு

புதிதாக இவ்வேலையைத் தொடங்கும் ஒரு பெண்ணின் நிலையை எண்களால் பார்ப்பது பயன் தரும். பின்வருவது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு மட்டுமே.

ஆறு குழந்தைகள், ஒவ்வொருவருக்கும் மாதம் 2,000 ரூபாய் எனக் கொண்டால் வரவு 12,000 ரூபாய். பால், பழம், பிஸ்கட், மதிய உணவு ஆகியவற்றுக்கு 2,400. சோப்பு, சலவைத்தூள், துணிகளுக்கு 500. எரிவாயு, மின்சாரத்தில் குழந்தைகளுக்கான பங்கு 600. பாய், பக்கெட், விளையாட்டுப் பொருள்களின் தேய்மானம் 300. கைபேசி, போக்குவரத்து 200. முதலுதவி மருந்து 200. மொத்தச் செலவு 4,200. கையில் நிற்பது 7,800 ரூபாய். நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 250 மணி நேர உழைப்பு. ஒரு மணி நேரத்திற்கு 31 ரூபாய் 20 காசு.

அடுத்த மாதம் பள்ளி விடுமுறை வருகிறது. இரு குடும்பங்கள் கப்பலேறித் தாயகம் செல்கின்றன. குழந்தை வராத மாதத்திற்குக் கட்டணம் தரவில்லை. வரவு 8,000 ஆகிறது. உணவுச் செலவு 800 ரூபாய் குறையும். ஆனால் பிற செலவுகள் அப்படியே இருக்கும். செலவு 3,400. கையில் நிற்பது 4,600. கட்டண வரவு மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. அப்பெண்ணின் வருமானமோ ஏறத்தாழ 41 விழுக்காடு சரிந்துவிட்டது. முதலாளித்துவத்தில் சந்தையின் ஏற்ற இறக்கத்தை மூலதனம் தாங்குவதாகப் பொருளாதாரப் பாடநூல்கள் சொல்லும். இங்கே அதைத் தாங்குவது ஒரு பெண்ணின் வயிறு.

தீவின் நிலைமை இதை மேலும் கடினமாக்குகிறது. அரிசி, பால் மாவு, எரிவாயு என எல்லாமே பெருமளவு கப்பலில் வர வேண்டும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் சரக்கு குறையும், விலை ஏறும். கட்டணத்தை அதற்கேற்ப வாரந்தோறும் உயர்த்த முடியாது. எனவே நல்ல காலத்தில் வாங்கி இருப்பு வைக்க வேண்டும். அதற்கு முன்பணம் வேண்டும். முன்பணம் இல்லாதவர் முத்ரா போன்ற கடனை நோக்கித் தள்ளப்படுகிறார். அக்கடனின் வட்டி மற்றொரு செலவாக நோட்டில் ஏறுகிறது.

ஏழாவது ஊதியக்குழுவின்படி 2016 முதல் ஒன்றிய அரசின் கடைநிலை ஊழியருக்கும் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய். குழந்தையை விட்டுச் செல்லும் ஊழியர் நிம்மதியாக அலுவலகத்தில் அமர்ந்திருக்கக் காரணமானவர் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இது அந்த ஊழியரின் குற்றமன்று. அவரும் தன் ஊதியத்தில் ஒரு பகுதியை, அரசு தர வேண்டிய ஒரு வசதிக்காகச் செலவிடுகிறார். இரு உழைப்பாளிகள் தமக்குள் பேரம் பேசும்படி விடப்பட்டிருக்கிறார்கள். செலவைத் தவிர்த்தவர் அந்த அறையிலேயே இல்லை.

வரி: எது உண்டு, எது இல்லை

மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஆண்டு வரவு 1,44,000 ரூபாய். செலவு போக 93,600. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு 4 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லை. எனவே இவர் வருமான வரி செலுத்தவும் வேண்டாம்; வருமானத்தின் அளவைக் கொண்டு பார்த்தால் வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கட்டாயமும் இல்லை. சேவை தருவோருக்குப் பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு தேவை. அதுவும் இவரைத் தொடாது.

ஆனால் ஒரு குழப்பத்தை இங்கே நீக்க வேண்டும். '12 லட்சம் வரை வரி இல்லை' என்ற விளம்பரத்தைக் கேட்டுப் பலர் அதுவரை கணக்கே தாக்கல் செய்ய வேண்டாம் என்று நினைக்கிறார்கள். 12 லட்சம் வரை கிடைப்பது தள்ளுபடி. 4 லட்சத்தைத் தாண்டியவர், இறுதியில் வரி பூஜ்யமானாலும், கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். கணவரின் சம்பளத்தோடு மனைவியின் தொழில் வருமானத்தைக் கூட்ட வேண்டும் என்ற எண்ணமும் தவறு. அவருடைய உழைப்பின் வருமானம் அவருடையது, கணக்கும் தனி. கணவர் ஒன்றிய அரசு ஊழியராக இருந்தால், குடும்பத்தினர் ஒரு தொழில் நடத்துவதை அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்று நடத்தை விதிகள் கூறுகின்றன. அதைச் செய்யாமல் விடுவது பின்னர் தொல்லை தரும்.

காப்பகம் வளர்ந்து, வருமானம் வரம்பைத் தாண்டினால் இரு வழிகள் உண்டு. உண்மையான வரவு செலவைக் காட்டுவது ஒன்று. சிறு தொழில்களுக்கான உத்தேச வருமான முறை மற்றொன்று: மொத்த வரவில் 8 விழுக்காட்டை, வங்கி வழியாகவோ மின்னணு முறையிலோ பெற்ற தொகைக்கு 6 விழுக்காட்டை வருமானமாகக் கொள்ள அம்முறை இடம் தருகிறது. கூடுதலாக ஈட்டியிருந்தால் அதையே காட்ட வேண்டும். விரிவான கணக்கேடுகள் தேவையில்லை என்பது அதன் வசதி. வீட்டின் ஒரு பகுதியைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் வாடகையிலும் பழுதுபார்ப்பிலும் அதற்குரிய பங்கைச் செலவாகக் காட்டலாம் என்பது முதல் வழியின் வசதி.

நேரடி வரி இல்லை என்பதால் இப்பெண் வரியே செலுத்தவில்லை என்று பொருளன்று. சோப்பு, கைபேசிக் கட்டணம், பக்கெட், பிஸ்கட் எல்லாவற்றிலும் ஜிஎஸ்டி இருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனம் தான் வாங்கும் பொருள்களுக்குச் செலுத்திய வரியை, சட்டம் அனுமதிக்கும் இடங்களில், உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளும். பதிவு பெறாத இவரால் அது இயலாது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை போன்றவற்றின் வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது சிறு ஆறுதல். ஆயினும், எட்டு ஆண்டுகள் சோப்புக்கு 18 விழுக்காடு வசூலித்த பின்னரே அந்த ஆறுதல் வந்தது.

பிரிட்டன் சொல்லும் செய்தி

குழந்தை பராமரிப்பில் வீடே தொழிற்கருவி. நாற்காலி உடையும், பாய் கிழியும், சுவரில் கிறுக்கல் விழும். இந்தத் தேய்மானத்திற்கு ரசீது கிடையாது. பிரிட்டனில் வீட்டில் குழந்தைகளைப் பராமரிப்போரின் தேசியச் சங்கம் வரித்துறையுடன் பேசி ஓர் உடன்பாட்டைப் பெற்றது. அதன்படி மொத்த வரவில் 10 விழுக்காட்டை வீட்டுப் பொருள்களின் தேய்மானமாகவும், முழுநேரம் உழைப்போருக்கு வெப்பம், விளக்குச் செலவில் மூன்றில் ஒரு பங்கையும் ரசீதின்றிக் கழிக்க வரித்துறை நீண்டகாலம் இசைந்தது. அங்கும் இவ்வேலை குறைந்த வருமானம் கொண்டதே. ஆனால் ஒன்று தெளிவு: தனித்தனி வீடுகளில் உழைப்போரும் சங்கமாகத் திரண்டால், கண்ணுக்குத் தெரியாத செலவைக்கூட அரசின் ஏட்டில் எழுத வைக்க முடியும்.

மக்கள் பணம் எங்கே போக வேண்டும்

இந்தியாவில் குழந்தை பராமரிப்பு அரசின் கடமை என்ற கருத்து புதிதன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 30க்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலைகளில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலும் காப்பக உரிமை இடம்பெற்றது. நிக்கோபார் மாவட்டத்தின் கச்சால் தீவில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டபோது, மலையகத் தோட்டங்களின் பிள்ளைக் காம்பராவை அறிந்த பெண்களே அங்கு வந்தனர். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்திற்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, அவருக்கும் கூலி தர வேண்டும் என்றது. குழந்தையைப் பார்ப்பதும் மண் சுமப்பதும் ஒரே மதிப்புடைய உழைப்பு என்று இந்தியச் சட்டம் ஒப்புக்கொண்ட அரிய இடம் அது.

நவதாராளமயம் இந்தக் கடமையைச் சிறிது சிறிதாகக் கைகழுவுகிறது. 2017இல் தேசியக் காப்பகத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு மாநிலங்களுக்கு 90 விழுக்காட்டிலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. நிதியின்றிக் காப்பகங்கள் மூடப்பட்டன. 2022 முதல் 'பாலனா' என்ற புதுப் பெயரில் 17,000 அங்கன்வாடி-காப்பகங்கள் என்ற இலக்கு பேசப்படுகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ காப்பக வரம்பை 50 தொழிலாளர் என்று மாற்றியுள்ளன. பெண்களை மட்டும் எண்ணாமல் அனைவரையும் எண்ணுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் நாற்பது பெண்கள் மட்டும் பணிபுரியும் ஒரு தையல் ஆலையில் நேற்று இருந்த உரிமை இன்று இல்லை.

அங்கன்வாடி ஊழியரின் நிலையும் இதனோடு இணைந்தது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டத்தில் உழைப்போர் இன்றும் 'மதிப்பூதியம்' பெறும் தொண்டர்களே. ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை 2018 அக்டோபரில் ஊழியருக்கு 4,500, உதவியாளருக்கு 2,250 ரூபாய் என உயர்த்தப்பட்டது. திட்டத் தொழிலாளரைத் தொழிலாளராக ஏற்று, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. 2015க்குப் பின் அம்மாநாடே கூட்டப்படவில்லை. அங்கன்வாடி ஊழியருக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று 2022 ஏப்ரல் 25 அன்று உச்சநீதிமன்றம் கூறியது, நெடிய போராட்டத்தின் கனி.

அரசு அமைத்த மையத்தில் உழைப்பவரைத் 'தொண்டர்' என்கிறார்கள். வீட்டில் உழைப்பவரைத் 'தொழில்முனைவோர்' என்கிறார்கள். இரு சொற்களும் ஒரே வேலையைச் செய்கின்றன: 'தொழிலாளி' என்ற சொல்லைத் தவிர்க்கின்றன. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். ஊதியமின்றிச் செய்யப்படும்வரை ஒரு வேலைக்கு மதிப்பில்லை என்ற கருத்தே, அதற்குக் கட்டணம் வாங்கும்போதும் விலையை அடித்து வீழ்த்துகிறது. 1884இல் எங்கெல்ஸ் குடும்பத்தின் தோற்றம் பற்றிய தம் நூலில், வீட்டுப் பராமரிப்பு சமூகத் தொழிலாக மாறுவதோடு பெண் விடுதலையை இணைத்தார். 1919இல் லெனின் பொது உணவகங்களையும் குழந்தைகள் காப்பகங்களையும் புதிய சமுதாயத்தின் முளைகளாகக் கண்டார். இன்று இங்கே நடப்பது அதற்கு நேரெதிர்: சமூகத்தின் வேலை தனி வீட்டின் வணிகமாகச் சுருக்கப்படுகிறது.

தோழர்கள் செய்ய வேண்டியது

பொதுக் காப்பகம் நாளையே வந்துவிடாது. அதுவரை இவ்வேலையைத் தொடங்கும் பெண்களைத் தனியே விட்டுவிட முடியாது. மாதர், தொழிற்சங்க அரங்குகளில் பணியாற்றும் தோழர்கள் சில எளிய உதவிகளைச் செய்யலாம். வீட்டுச் செலவுக்கு ஒன்று, குழந்தைகளின் செலவுக்கு ஒன்று என இரு நோட்டுகள் வைக்கச் சொல்லித் தர வேண்டும். ஒவ்வொரு கட்டணத்திற்கும் எண்ணிட்ட ரசீது, ஒவ்வொரு நாளுக்கும் வருகைப் பதிவு, தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். குழந்தை வராத மாதத்திற்கும் பாதிக் கட்டணம் உண்டு என்பதைச் சேர்க்கும்போதே எழுத்தில் பெற வேண்டும். மேற்கண்ட 41 விழுக்காட்டுச் சரிவைத் தடுக்கும் சிறந்த வழி அதுவே. உழைத்த மணி நேரத்தையும் நோட்டில் எழுத வேண்டும். எந்த வரி அதிகாரியும் அதைக் கேட்கமாட்டார். ஆனால் கூலிப் போராட்டத்திற்கு அதுவே சான்று.

இ-ஷ்ரம் பதிவையும், 18 முதல் 40 வயது வரையுள்ளோருக்கான ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியத் திட்டத்தையும் விளக்கலாம். அத்திட்டத்தில் 60 வயதுக்குப் பின் கிடைப்பது மாதம் 3,000 ரூபாய். அதற்கான பங்கில் பாதியை உழைப்பவரே செலுத்துகிறார். கிடைப்பதைப் பெறுவது சரி. இதுவே சமூகப் பாதுகாப்பு என்று ஏமாறுவது சரியன்று.

கார் நிக்கோபாரில் கூடுதல் கவனம் தேவை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்கீழ், ஒதுக்கப்பட்ட பகுதிகளில் பழங்குடி அல்லாதோர் அனுமதியின்றி நுழையவோ, நிலத்தில் உரிமை பெறவோ, உரிமமின்றி வணிகம் செய்யவோ முடியாது. குழந்தைக் காப்பகம் என்ற பெயரிலும் இந்தப் பாதுகாப்பைத் தளர்த்தக் கூடாது. தமிழ்ப் பெண்ணோ, வேறு மொழிப் பெண்ணோ தொழில் தொடங்குமுன் நிர்வாகத்தின் அனுமதியையும் பழங்குடி மன்றத்தின் இசைவையும் நாட வேண்டும். நிக்கோபாரிப் பெண்களின் காப்பகங்கள் துஹெத்தின் கூட்டுப் பண்பைக் கொண்ட கூட்டுறவுகளாக அமையுமானால், அது மற்ற பகுதிகளுக்கும் வழிகாட்டும். அகமதாபாத்தில் 1986இல் உருவான சங்கினி குழந்தை பராமரிப்புக் கூட்டுறவு, உழைக்கும் பெண்களே இப்பணியைக் கூட்டாக நடத்த முடியும் என்று காட்டியிருக்கிறது.

கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வொரு அங்கன்வாடியும் பெற்றோரின் வேலை நேரம் முழுவதும் இயங்கும் காப்பகமாக வேண்டும். அங்கு உழைப்போர் தொழிலாளராக ஏற்கப்பட்டு ஊதியம் பெற வேண்டும். வீட்டிலிருந்து பராமரிப்போரைப் பதிவு செய்து, குழந்தைக்கு இவ்வளவு என அரசு நேரடி உதவி வழங்க வேண்டும். தீவுகளுக்கான கப்பல் கட்டணமும் விலையேற்றமும் அந்த உதவித்தொகையில் கணக்கிடப்பட வேண்டும். பழங்குடி மக்களின் வரி விலக்கு குறித்து அந்தமான் நிக்கோபார் பழங்குடி மன்றங்களின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

மணிக்கு 31 ரூபாய் என்ற எண்ணை ஒரு பெண் தன் நோட்டில் முதன்முறையாக எழுதிப் பார்க்கும்போது, தன் வறுமைக்குத் தன் திறமைக் குறைவு காரணமன்று என்பதை அறிகிறார். அந்த அறிவைச் சங்கமாகத் திரட்டுவதே தோழர்களின் வேலை.